மருந்தின் அளவு இரு மடங்கானது ஏன்?

கேள்வி: என் மகனின் எடை 12 கிலோ. சென்ற மாதம் காதுவலிக்கு அமாக்சிசிலின் சிரப்பை வேளைக்கு 5 மி.லி. வீதம் கொடுத்தோம். இப்போது அதே மருந்தை 10 மி.லி. கொடுக்கச் சொல்கிறார்கள். அவன் எடை கூடவே இல்லை. அன்று கொடுத்தது குறைவா, இன்று கொடுப்பது அதிகமா?

பதில்: இரண்டும் சரியாகவே இருக்கக்கூடும். இரு பாட்டில்களின் அட்டைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் '5 மி.லி.யில் 250 மி.கி.' என்றும் மற்றதில் '5 மி.லி.யில் 125 மி.கி.' என்றும் அச்சிட்டிருந்தால் புதிர் அவிழ்ந்துவிடும். மி.கி. என்பது மருந்தின் எடை, மி.லி. என்பது அது கலந்துள்ள திரவத்தின் அளவு. மருத்துவர் கணக்கிடுவது முதலாவதை, நீங்கள் அளந்து ஊற்றுவது இரண்டாவதை.

எடுத்துக்காட்டாக, ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 40 மி.கி. வீதம், இரு வேளையாகப் பிரித்துத் தருவதென்று மருத்துவர் முடிவு செய்கிறார் எனக் கொள்வோம். 12 கிலோவுக்கு நாளொன்றுக்கு 480 மி.கி., வேளைக்கு 240 மி.கி. ஆகிறது. இது முதல் பாட்டிலில் 4.8 மி.லி., இரண்டாவதில் 9.6 மி.லி.; அளக்க எளிதாக இருக்கட்டும் என்று 5, 10 என முழுமையாக்கி எழுதுவார்கள். ஆனால் பாட்டில் மாறியதைக் கவனிக்காமல் பழைய அளவையே தொடர்ந்திருந்தால், குழந்தைக்குப் பாதி மருந்துதான் போயிருக்கும்.

பெருக்கல் தெரிந்தவர்கள்கூட இதில் இடறுவதற்குக் காரணம், கிலோவுக்கு இவ்வளவு என்று குறிப்பிடப்படுவது ஒரு நாளைக்கா ஒரு வேளைக்கா என்பதைக் கவனியாமல் விடுவதுதான். மேற்சொன்ன கணக்கில் இரண்டால் வகுக்க மறந்தால் வேளைக்கு 480 மி.கி. ஆகிவிடும். தசமப் புள்ளி ஓரிடம் நகர்ந்தாலோ பத்து மடங்கு பிழை, 0.5 என்பதை வெறும் .5 என்று எழுதக் கூடாது என்று மருத்துவ மாணவர்களுக்குக் கண்டிப்புடன் கற்பிப்பது இதனால்தான்.

அளவை நிர்ணயிப்பது எடை மட்டுமன்று. சில காதுத் தொற்றுகளுக்கு இதே மருந்தை நாளொன்றுக்குக் கிலோவுக்கு 80 முதல் 90 மி.கி. வரை தருவதுண்டு, சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க நேரிடும், பருமனான குழந்தைக்குக் கணக்கு எவ்வளவு காட்டினாலும் பெரியவர்களுக்கான உச்ச அளவைத் தாண்டக் கூடாது. ஆகவே கணக்கைச் சரிபார்ப்பது உங்கள் உரிமை. ஐயம் எழுந்தால் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள்.

வீட்டுக் கரண்டிகள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுவதால், ஊசியில்லாத வாய்வழி சிரிஞ்சினால் அளப்பதே நல்லது. தூளாக வரும் மருந்தில், கொதிக்கவைத்து ஆறிய நீரைக் குறியீடு வரை ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கியபின் மட்டம் இறங்கியிருந்தால் மீண்டும் குறியீடு வரை நிரப்ப வேண்டும். நீர் கூடினால் மருந்து நீர்த்துப்போகும். உங்கள் கணக்கு அத்தனையும் வீண்.

கேள்வி: மீந்த சிரப்பை, எடைக்கேற்பக் குறைத்து, என் 20 நாள் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். பிறந்து ஒரு மாதமாகாத குழந்தையின் சிறுநீரகம் முதிராததால் அளவும் இடைவெளியும் வேறு. அந்த வயதில் காய்ச்சல் வந்தாலே உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கலக்கிய சிரப்பு அட்டையில் குறித்தபடி 7 அல்லது 14 நாட்களே தாங்கும். அந்தப் பாட்டிலை அப்புறப்படுத்திவிடுங்கள்.