அனிமே டப்பிங்கிலிருந்து கேம் தயாரிப்புக்கு: கேள்வி பதில்

மும்பை அந்தேரியில் நாலு வருஷம் ஜப்பானிய கார்ட்டூனான அனிமேக்குத் தமிழ் வசனம் எழுதினேன், குரலும் கொடுத்தேன். இப்போது பெங்களூரில் ஒரு கேம் நிறுவனத்தில் குரல் பதிவுகளுக்குப் பொறுப்பு. இங்குள்ள தமிழ் நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அக்கா, டப்பிங் அனுபவம் கேம் வேலைக்கு உதவுமா? (அல்சூர் தம்பி)

நிச்சயம் உதவும் தம்பி. ஆனால் அனிமேவில் படம் கண்முன் ஓடும். வாயசைவுக்குள் வசனத்தை அடக்கினால் போதும். கேமில் பல நேரம் படமே இருக்காது. எக்செல்லில் ஆயிரக்கணக்கான வரிகள், வரிக்கு ஒரு ஃபைல் பெயர், அவ்வளவுதான். 'கம் ஹியர்' என்று ஒரு வரி வரும். யார் யாரிடம் சொல்கிறார் என்று தெரியாமல் 'வா' என்பதா, 'வாங்க' என்பதா? கதை எழுதியவரைத் துளைத்துக் கேட்பதுதான் என் வேலையில் பாதி.

மொழிபெயர்ப்பில் எது கஷ்டம்?

வேற்றுமை உருபு. ஆங்கில வாக்கியத்தில் ஓர் இடத்தைக் காலியாக விட்டிருப்பார்கள். பொருளின் பெயரை கேமே அங்கே நிரப்பும். தமிழில் வாள் 'வாளை' ஆகும், பழம் 'பழத்தை' ஆகும். காலி இடத்துக்குப் பின்னால் வெறும் 'ஐ' போட்டால் திரையில் 'பழம்ஐ எடுத்தாய்' என்று வந்து நிற்கும். பார்க்கவே மனசு வலிக்கும். நான் 'கிடைத்தது: பழம்' என்று வாக்கியத்தையே மாற்றிவிடுவேன். புரோகிராமரிடம் இதை முதல் வாரமே பேசிவிடுங்கள்.

கத்தல், அலறல் எல்லாம் நிறையவாமே, தொண்டை தாங்குமா?

ஒரே அலறல் திரும்பத் திரும்ப வந்தால் ஆடுபவருக்குச் சலிக்கும் என்று ஐந்தாறு விதமாகப் பதிவு செய்வோம். அதைக் கடைசியில்தான் வைக்க வேண்டும். ஒருமுறை நான் காலையிலேயே வைத்துவிட்டேன். மதியம் அந்த நடிகருக்கு மெல்லிய வசனம் ஒன்றுகூட வரவில்லை. குரல் தேற நாலு நாளாயிற்று. இன்றும் எனக்கு உறுத்துகிறது.

பெங்களூரில் தமிழுக்கு வேலை உண்டா?

அனிமேவில் தமிழ் வளர்கிறது. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேசில்' தமிழிலும் தியேட்டருக்கு வந்தது. கேமில் தமிழ்க் குரல் இன்னும் குறைவு. ஆனால் பெங்களூர் பழைய கேம் ஊர். 1997இல் இங்கே தொடங்கிய துருவா இன்டராக்டிவ் என்ற கேம் நிறுவனத்தை 2019இல் ராக்ஸ்டார் என்ற பெரிய வெளிநாட்டு கேம் நிறுவனம் வாங்கியது. டெஸ்டிங், பதிவு ஒருங்கிணைப்பு என்று எந்த வழியாவது உள்ளே வந்துவிடுங்கள்.

என்ன கற்றுக்கொள்ளலாம்?

இரண்டு மென்பொருள்கள்: ஒலி எடிட்டிங்குக்கு ரீப்பர் (Reaper), ஒலியை கேமில் சேர்க்க வைஸ் (Wwise). அப்புறம் இருபது வரி நீங்களே எழுதி, பேசி, ஒரு சின்ன கேமில் போட்டு எடுத்து வாருங்கள். சான்றிதழுக்கு முன்னால் அதைத்தான் நான் கேட்டுப் பார்ப்பேன்.