தைராய்டு ஆபரேஷனுக்கு கேமரா வச்சு டியூப் போடுவோம்னு சொல்றாங்க, அம்மா நிலைமை சீரியஸா?

இல்லைங்க, அதுக்கும் சீரியஸுக்கும் சம்மந்தமே இல்ல. மார்த்தாண்டத்துல அம்மாவுக்கு கழுத்துக் கட்டி ஆபரேஷன், மயக்க டாக்டர் வீடியோ லாரிங்கோஸ்கோப்னு (தொண்டைக்குள்ள பாத்து டியூப் போட உதவுற கேமரா வச்ச கருவி) சொன்னதும் பயமா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. நான் நாகர்கோவில் பக்கம் அனஸ்தீசியா டெக்னீஷியனா இருக்கேன், அந்த டாக்டர் முன்கூட்டியே யோசிச்சு வச்சிருக்காருன்னுதான் எனக்கு தோணுது.

முழு மயக்கத்துல தசையெல்லாம் தளர்த்துற மருந்து கொடுப்பாங்க, அப்புறம் மூச்சு தானா ஓடாது, அதனாலதான் மூச்சுக்குழாய்ல டியூப். நாக்கத் தூக்கிப் பிடிச்சு உள்ள பாக்குறதுக்கு 1943ல வந்த மெக்கின்டாஷ் பிளேடுங்கிற வளைஞ்ச தகடு (கத்தி இல்லைங்க) இன்னைக்கும் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கு, ஆனா அதுல டாக்டரோட கண்ணுல இருந்து குரல்நாண் வரைக்கும் நேரா பார்வை போகணும், கட்டி மூச்சுக்குழாய ஒரு பக்கமா தள்ளியிருந்தாலோ கழுத்து சரியா மடங்கலன்னாலோ அது கஷ்டம். வீடியோல கேமரா பிளேடு நுனிகிட்டயே இருக்கு, நாக்கோட வளைவத் தாண்டி உள்ள இருக்கிறத ஸ்கிரீன்ல காட்டிரும். டாக்டர் "குரல்வளைய லேசா வலது பக்கம் அமுக்கு"ன்னு சொன்னா முன்னாடி நான் கைக்கணக்குல அமுக்குவேன், இப்ப எங்க அமுக்கினா நல்லா தெரியுதுன்னு நானே பாத்துக்கிட்டு அமுக்குறேன், இது எவ்வளவு பெரிய உதவின்னு பக்கத்துல நிக்கிறவங்களுக்குத்தான் தெரியும்.

2023ல வந்த அமெரிக்க ஆய்வு ஒண்ணுல, எமர்ஜென்சி, ஐசியு நோயாளிகள்ல முதல் தடவையே டியூப் போனது வீடியோல 85 சதவீதம், பழைய முறைல 71 சதவீதம். தியேட்டர் கணக்கு வேற, இருந்தாலும் முதல் தடவைலயே போறதுதான் முக்கியம், திரும்பத் திரும்ப குத்தினா தொண்டை வீங்கும், ரத்தம் வரும், ஆக்சிஜன் இறங்கும்.

ஆனா ஸ்கிரீன்ல தெரிஞ்சா மட்டும் டியூப் போயிராது. ரொம்ப வளைஞ்ச பிளேடுன்னா டியூபுக்குள்ள ஸ்டைலட் கம்பி விட்டு அதே வளைவுக்கு வளைச்சாதான் போகும், எச்சிலோ ரத்தமோ லென்ஸ மூடினா ஒண்ணும் தெரியாது. கடைசியா, வெளிவிடுற மூச்ச அளக்குற கேப்னோகிராஃப் மெஷின்ல கார்பன் டை ஆக்சைடு அலை தொடர்ந்து வந்தாதான் டியூப் மூச்சுக்குழாய்லதான் இருக்குன்னு நாங்க நம்புவோம்.

நீங்க ஒண்ணு மட்டும் கவனிங்க. நம்ம பக்கம் வெத்தல பாக்கு போடுறவங்க நிறைய, பாக்கு போட்டுப் போட்டு உள் கன்னம் இறுகி வாய் ரெண்டு விரல்கூட திறக்காம வருவாங்க, அப்ப இந்த கேமரா பிளேடே உள்ள போகாது, முழிச்சிருக்கும்போதே மூக்கு வழியா மெல்லிசான ஃபைபர் ஸ்கோப் விட வேண்டியிருக்கும். அம்மாவுக்கு அந்தப் பழக்கம் இருந்தா, பல்லு ஆடினா, பல்செட் இருந்தா, மல்லாந்து படுத்தா மூச்சு முட்டுனா, கூச்சப்படாம டாக்டர்கிட்ட இன்னைக்கே சொல்லிருங்க.