2024 மார்ச் 22-க்குக் காத்திருந்தவர்களுக்கு: ஏட்ரியன் லென்கர் கேள்வி பதில்

'பிக் தீஃப்' இண்டி ராக் குழுவின் பாடகி ஏட்ரியன் லென்கரின் தனி ஆல்பம் 'பிரைட் ஃபியூச்சர்' 2024 மார்ச் 22 அன்று வந்தது. 'ரூயின்ட்', 'சேட்னஸ் ஆஸ் எ கிஃப்ட்', 'ஃபூல்' என்ற மூன்று பாடல்களும் அதற்கு முன்பே முன்னோட்டமாக வந்திருந்தன. ஆல்பம் வருவதற்கு முன் நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அப்போது நான் எழுதிய பதில்கள் இதோ.

கேள்வி: தனி ஆல்பம் என்றாலே பயமாக இருக்கிறது அக்கா. குழு உடையப் போகிறதா?

பயப்பட வேண்டாம்மா. இவர்கள் விஷயத்தில் இதுவரை நடந்தது நேர்மாறானது. 2018-இல் லென்கர் 'அபிஸ்கிஸ்' என்ற தனி ஆல்பம் போட்டார். அடுத்த ஆண்டே குழுவிடமிருந்து 'யு.எஃப்.ஓ.எஃப்.', 'டூ ஹேண்ட்ஸ்' என்று இரண்டு ஆல்பங்கள் வந்தன. 2020-இல் மறுபடி தனியாகப் பாடினார். 2022-இல் குழு 20 பாடல்களோடு திரும்பியது. குழுவில் கிட்டார் வாசிக்கும் பக் மீக்கும் 2023 ஆகஸ்டில்தான் 'ஹாண்டட் மவுண்டன்' என்று தன் தனி ஆல்பத்தைக் கொண்டுவந்தார். தனியே போவதும் திரும்பி வருவதும் இவர்களுக்கு மூச்சை இழுத்து விடுவது மாதிரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லென்கரும் மீக்கும் கணவன் மனைவியாக இருந்து பிரிந்தவர்கள். அதற்குப் பிறகும் ஒரே மேடையில் நின்று வாசிக்கிறார்கள். அதையே தாண்டி வந்த குழுவை ஒரு தனி ஆல்பம் என்ன செய்துவிடும்?

கேள்வி: பாட்டு எழுதுவதும் பாடுவதும் அவரே. குழுவிலும் அதைத்தானே செய்கிறார்? தனியாக எதற்கு?

'ஃப்ரம்', 'டெர்மினல் பாரடைஸ்' இரண்டையும் போட்டுக் கேளுங்கள். இரண்டும் 'அபிஸ்கிஸ்'ஸிலும் இருக்கின்றன, 'யு.எஃப்.ஓ.எஃப்.'பிலும் இருக்கின்றன. வரிகளும் மெட்டும் அதேதான். தனி ஆல்பத்தில் அவர் நம் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறார். குழுவோடு பாடும்போது அதே பாட்டுக்குக் காற்றும் வெளியும் வந்துவிடுகின்றன. எது மேல் என்று என்னைக் கேட்டால் சொல்ல மாட்டேன். இரண்டும் வேண்டும்.

கேள்வி: பழைய தனி ஆல்பங்களில் எதை முதலில் கேட்கலாம்?

2020 அக்டோபரில் வந்த 'சாங்ஸ்'. தயங்கவே வேண்டாம்.

அந்த ஆண்டு மார்ச்சில் கொரோனாவால் குழுவின் ஐரோப்பியப் பயணம் பாதியில் நின்றது. ஒரு காதல் முறிந்த காயமும் அப்போது ஆறாமல் இருந்தது. மேற்கு மாசசூசெட்ஸ் மலைப்பக்கம் ஒரே அறை கொண்ட மரக்குடில் ஒன்றில் போய்த் தங்கினார். அதற்குள் வாசித்தபோது கிட்டாரின் உட்புறத்தில் இருப்பது போல இருந்ததாம். அந்த ஓசையை நாமும் கேட்க வேண்டும் என்று ஒலிப்பதிவாளர் ஃபிலிப் வைன்ரோபை வரவழைத்தார். அவரும் டேப் கருவிகளைச் சுமந்துகொண்டு போனார். 11 பாடல்கள் பிறந்தன. 'கம்' பாட்டில் வெளியே பெய்யும் மழை அப்படியே கேட்கும். அதை யாரும் பிறகு சேர்க்கவில்லை. அந்த அறையின் கூரை மேல் பெய்த மழைதான் அது.

கூடவே வந்த 'இன்ஸ்ட்ருமென்டல்ஸ்'ஸில் இரண்டே இரண்டு நீண்ட வாசிப்புகள். இரவில் தூக்கம் வராதவர்கள் கேட்கலாம்.

புது ஆல்பத்திலும் லென்கரோடு இருப்பவர் இதே வைன்ரோப் என்பதால்தான் எனக்கு இவ்வளவு எதிர்பார்ப்பு.

கேள்வி: புது ஆல்பம் கணினியில் இல்லாமல் முழுக்க அனலாக் டேப்பில் (காந்த நாடாவில்) பதிவானது என்கிறார்கள். நம் காதுக்கு அதில் என்ன வித்தியாசம் தெரியும்?

டேப் என்பதைவிட, எல்லாரும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்தார்கள் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2022 இலையுதிர் காலத்தில் காட்டுக்குள் இருக்கும் ஒரு ஸ்டூடியோவில் நிக் ஹக்கீம், மேட் டேவிட்சன், ஜோசஃபின் ருன்ஸ்டீன் என்ற மூன்று இசைக்கலைஞர்களோடு லென்கர் உட்கார்ந்தார். அப்படிச் சேர்ந்து வாசிக்கும்போது குரலுக்கு வைத்த மைக்கில் வயலினும் கொஞ்சம் ஏறும், பியானோ மைக்கில் குரலும் ஏறும். பிறகு ஒன்றை மட்டும் தனியே பிரித்துத் திருத்துவது கஷ்டம். சுருதி லேசாக விலகினால் விலகினதுதான். அதனால் ஒருவர் வாசிப்பதை மற்றவர்கள் கூர்ந்து கேட்டபடியே வாசித்தாக வேண்டும். 'சேட்னஸ் ஆஸ் எ கிஃப்ட்'டில் வயலினும் கூடவே பாடும் குரல்களும் ஒன்றின் மேல் ஒன்று சாய்வதைக் கவனியுங்கள். எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கிவிடுகிறது.

கேள்வி: புது ஆல்பத்தில் 'வாம்பயர் எம்பயர்' மறுபடியுமா? ஏற்கெனவே வந்த பாட்டுத்தானே!

இதைத்தான் நான் நாள் எண்ணிக் காத்திருக்கிறேன். 2023 தொடக்கத்தில் அமெரிக்காவில் ஸ்டீஃபன் கோல்பேரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் குழு இதைப் பாடியது. அந்தக் காணொளி காட்டுத்தீயாகப் பரவியது. ஜூலையில் ஸ்டூடியோ வடிவம் வந்ததும், மேடையில் இருந்த வேகம் எங்கே என்று பலர் சண்டைக்கு வந்தார்கள். எனக்கு அது வருத்தமாக இருந்தது. ஒரு பாட்டுக்கு ஒரே முகம்தான் இருக்க வேண்டுமா?

இப்போது தேதிகளைப் பாருங்கள். தனி ஆல்பத்தின் பதிவு நடந்தது 2022-இல். அப்படியென்றால் நாம் கேட்கப் போவது, அந்தச் சண்டைகளுக்கெல்லாம் முந்தைய 'வாம்பயர் எம்பயர்'. 12 பாடல்களில் அது ஆறாவது. நேராக அதற்குத் தாவாமல், முதல் ஐந்தையும் கேட்டுவிட்டு அங்கே வாருங்கள்.

கேள்வி: கிட்டார் பழகுகிறேன். அவர் பாட்டை வாசித்தால் அந்த ஓசை வரவே மாட்டேன் என்கிறது.

கம்பிகளை வழக்கமான சுருதியில் வைத்திருப்பீர்கள். அவர் பாட்டுக்குப் பாட்டு வேறு சுருதிக்கு மாற்றுவார், கேப்போவும் (கிட்டாரின் கழுத்தில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போடுவார். முதலில் அந்தப் பாட்டின் சுருதியைக் கண்டுபிடித்துக் கம்பிகளை மாற்றுங்கள். பிறகு வலது கைக் கட்டைவிரலை நிற்காமல் ஓடவிட்டுப் பழகுங்கள். விரல்கள் தானாக வழிக்கு வரும்.

கேள்வி: ஆல்பம் வரும் அன்றைக்கு எனக்கு அலுவலகம் இருக்கிறது. எப்போது கேட்பது?

வெள்ளிக்கிழமைதான். பேருந்தில் பாதி, மதிய உணவில் மீதி என்று கேட்காதீர்கள். இரவு வீடு திரும்பி, சாப்பிட்டு முடித்து, விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். கேட்டதும் எழுதுங்கள், நான் விழித்திருப்பேன்.