பத்திரத்தில் எழுதிப் பிரிந்தால் விவாகரத்து ஆகிவிடுமா?

ஊர்ப் பெரியவர்கள் முன்னால் 100 ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பிரிந்துவிட்டோம், இது விவாகரத்து ஆகுமா, ஜீவனாம்சம் கிடைக்குமா, நாலு வயது மகன் யாரிடம் இருப்பான் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வக்கீல் இல்லை. ஆனால் அதே மாதிரிப் பத்திரம் ஒன்று என் பீரோவிலும் கிடக்கிறது.

ஆகாது. இந்து திருமணச் சட்டப்படி நடந்த கல்யாணத்தை முறிக்க நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். சில சமூகங்களில் வழக்கப்படி தீர்த்துவிடுவது உண்டு, சட்டத்தின் 29(2) பிரிவும் அதை ஏற்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் காலங்காலமாக இருக்கிறது என்று நிரூபிப்பது உங்கள் பாடு. நோட்டரி சீல் குத்தினால் வலு கூடும் என்பதெல்லாம் டைப்பிங் கடைக்காரர் சொல்வது. இதை நம்பி யாராவது இன்னொரு கல்யாணம் செய்தால் அது செல்லாது, குற்றமும்கூட.

எனக்கு அடி விழுந்தது வேறு இடத்தில். பத்திரத்தை வாங்கிப் படித்த வக்கீல் அம்மா ஒரு வரிக்குக் கீழே மட்டும் பென்சிலால் கோடு போட்டார்: ‘இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழச் சம்மதிக்கிறோம்.’ "இதை யாரும்மா எழுதச் சொன்னது?" என்றார். மாமாதான் சொன்னார், கௌரவமாக இருக்கட்டும் என்று. ஜீவனாம்சம் தரும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவில் (2024 ஜூலையிலிருந்து அதன் இடத்தில் வந்த புதிய சட்டமான பிஎன்எஸ்எஸ்-இன் 144-ஆவது பிரிவு) பரஸ்பர சம்மதத்தோடு தனியாக வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், சம்மதத்தோடு விவாகரத்தே வாங்கிவிட்டவருக்கு இந்தத் தடை இல்லை. மறுமணம் செய்யாதவரை கேட்கலாம். நடுவில் தொங்குகிறவர்களுக்குத்தான் சிக்கல். வீட்டைவிட்டு வெளியேறிய ராத்திரி அண்ணனுக்கு நான் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள்தான், அது சம்மதம் இல்லை, வேறு வழியில்லாமல் போட்ட கையெழுத்து என்று காட்ட உதவின. உங்கள் போனில் இருப்பது எதையும் அழிக்காதீர்கள்.

மகனுக்கு இந்தத் தொல்லை இல்லை. நீங்கள் என்ன எழுதிக் கொடுத்திருந்தாலும் அவனைக் காப்பாற்றும் கடமை அப்பாவுக்கு உண்டு. ஐந்து வயது நிறையும்வரை பிள்ளை பொதுவாக அம்மாவிடம்தான். அதற்குப் பிறகும் தானாக அப்பாவிடம் போய்விடாது. பிள்ளைக்கு எது நல்லது என்றுதான் நீதிபதி பார்ப்பார். அப்பா வந்து பார்ப்பதை மட்டும் தடுக்காதீர்கள், அது உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்து கணக்காகும், உச்ச நீதிமன்றம் 2020-இல் சொன்னது. பெரியவர்கள் பேசி முடிப்பார்கள் என்று நான் காத்திருந்த இரண்டு வருடத்துக்கு ஒரு பைசா வரவில்லை.

இருவருக்கும் சம்மதம் என்றால் இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில், பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு மனு போடுங்கள். ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும், மனுவுக்குப் பின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். சமரசத்துக்கு வழியே இல்லை, பணம், பிள்ளை எல்லாம் பேசி முடித்தாயிற்று என்றால் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்பது 2017 தீர்ப்பு. தீர்ப்பு வரும்வரை யாரும் பின்வாங்கலாம், அதனால் பேசியதையெல்லாம் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, இலவசம். அப்புறம், கல்யாணம் நடந்ததற்கு ஆதாரமாகக் கல்யாணப் பத்திரிகை ஒன்று கேட்பார்கள். என்னுடையதைக் கோபத்தில் கிழித்துப் போட்டிருந்தேன். கடைசியில் பெரியம்மா வீட்டில் மளிகைக் கணக்கு எழுதிய ஒன்று கிடைத்தது, அதைத்தான் தாக்கல் செய்தோம்.