லுலுர் அரைக்கிற அம்மியைக் காட்டச் சொல்லுங்க

கேள்வி: நானும் அம்மாவும் ஜூலைல பத்து நாள் இந்தோனேசியால, ஜாவா தீவுல யோக்யகர்த்தாவும் பாலில உபுத்தும் போறோம். அம்மாவுக்கு 61 வயசு, சுகர் இருக்கு. எனக்கு சென்சிட்டிவ் ஸ்கின். உடம்புக்கு அரைச்சுப் பூசுற லுலுர், போரே மாதிரி பாரம்பரிய ட்ரீட்மென்ட் எடுக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. ஆனா எந்த ஸ்பா மெனுவைப் பாத்தாலும் ஆர்கானிக், எக்கோனு தான் போட்டிருக்கு. எது நிஜம்னு எப்படி கண்டுபிடிக்கிறது? எங்க ரெண்டு பேருக்கும் எது ஒத்துக்கும்? ஊருக்கு என்ன வாங்கிட்டு வரலாம்?

பதில்: ஜாவாலயும் பாலிலயும் உடம்புக்குப் பூசுற சாமான் பெரும்பாலும் அடுப்பங்கரைலயும் தோட்டத்துலயும் இருக்குறது தாங்க. அரிசி, மஞ்சள், இஞ்சி, கிராம்பு, தேங்கா எண்ணெய், மல்லிப்பூ. அரைச்சுப் பூசி கழுவிவிட்டா மண்ணோட மண்ணா போயிடும். அதனால லுலுரை எக்கோவா மாத்தணும்னு யாரும் மெனக்கெட வேண்டியதே இல்ல, அது பிறந்ததே அப்படி. கெட்டுப்போனது அதைச் சுத்தி வந்து சேந்த பாத்டப், டப்பா ஸ்க்ரப், ஒரு தடவை போட்டு தூக்கிப்போடுற பிளாஸ்டிக் ஜட்டி, இதெல்லாம் தான். நீங்க பாக்க வேண்டியதும் அதைத்தான்.

லுலுர்ல இருந்து ஆரம்பிக்கிறேன். இது யோக்யகர்த்தா, சுரகர்த்தா அரண்மனைங்கள்ல இருந்து வெளிய வந்த பழக்கம். கல்யாணத்துக்கு முன்னாடி 40 நாள் பொண்ணுக்குப் பூசுவாங்கனு அங்க சொல்லுவாங்க, நம்ம நலங்கு நினைவுக்கு வருதுல்ல? அரிசி மாவு, மஞ்சள், அப்புறம் தெமு கிரிங்னு மஞ்சள் குடும்பத்துக் கிழங்கு ஒண்ணு, கொஞ்சம் வாசனைக்கு சந்தனம் இல்லேன்னா பூ. முதல்ல எண்ணெய் தேச்சு மசாஜ், அப்புறம் இந்த விழுதைப் பூசி பாதி காயுற வரைக்கும் விட்டு, கையால உருட்டி உருட்டி தேச்சு உதிர்ப்பாங்க. அழுக்கும் செத்த தோலும் மாவோட சேந்து பொடிப்பொடியா கீழ விரிச்ச துணில விழும். இந்த இடம் தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா வேலை முக்கால்வாசி தண்ணி இல்லாமலே முடிஞ்சிடுது, மிச்சத்தைக் கழுவ ரெண்டு வாளி தண்ணி போதும். அங்க வீட்டுல குளிக்கிறதே அப்படித்தான், தொட்டில இருந்து 'காயுங்'னு சொல்ற கைப்பிடி வெச்ச மக்குல மொண்டு மொண்டு ஊத்திக்குவாங்க.

ஆனா இப்ப ஸ்பால என்ன நடக்குதுன்னா, முழுசா பூ மிதக்குற பாத்டப், போட்டோக்கு அழகா இருக்கும், ஒரு டப்புக்கு 150ல இருந்து 200 லிட்டர் போகும், நீங்க இருபது நிமிஷம் படுத்து எழுந்ததும் அத்தனையும் சாக்கடைக்கு. பாலில சுபாக்னு 9ஆம் நூற்றாண்டுல இருந்து வர்ற பாசன முறை இருக்கு, கோயிலும் வயலும் சேந்து தண்ணியைப் பங்கு போட்டுக்குற ஏற்பாடு, 2012ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. அதே தீவோட தெற்குல ஹோட்டலும் வில்லாவும் போர் போட்டு உறிஞ்சுறதால நிலத்தடி தண்ணி இறங்கி கடல் தண்ணி உள்ள வருது. அதனால பூக்குளியலை பேக்கேஜ்ல இருந்து எடுத்துடச் சொல்லுங்க. பூ வேணும்னு ஆசைன்னா ஒரு வாளில போட்டு கடைசியா ஊத்திக்கலாம், நீங்க கேட்டா சந்தோஷமா செஞ்சு குடுப்பாங்க.

நிஜமா இல்லையானு கண்டுபிடிக்க நான் எப்பவும் சொல்ற வழி இது. புக் பண்றதுக்கு முன்னாடி "போலெ லிஹாட் பஹான்ன்யா?"னு கேளுங்க, சாமானைப் பாக்கலாமானு அர்த்தம். அன்னன்னைக்கு அரைக்கிற இடம்னா சோபெக்னு சொல்ற கல் அம்மியையோ மிக்ஸியையோ, பக்கத்துல ஊறப்போட்ட அரிசியையோ காட்டுவாங்க. பச்சை மஞ்சள் விழுது கொஞ்சம் கரடுமுரடா இருக்கும், மண் வாசனை அடிக்கும். பெரிய பிளாஸ்டிக் டப்பால இருந்து பளிச்சுனு ஒரே சீரான மஞ்சள் க்ரீமை அள்ளினாங்கன்னா அது கடைச் சரக்கு. அதுல பிரிசர்வேட்டிவ் இருக்குறது தப்பில்ல, ஈரமா இருக்குற எதையும் மாசக்கணக்கா வெச்சா அது இல்லாம பூஞ்சை பிடிச்சிடும், ஆனா அதை ஃப்ரெஷ், பாரம்பரியம்னு சொல்லி அந்த விலைக்கு விக்கிறது தான் தப்பு. எண்ணெயையும் கேளுங்க, தேங்கா எண்ணெயா மினரல் ஆயிலானு. கடைசியா உடுத்த என்ன தர்றாங்கன்னு பாருங்க, துவைச்ச சாரோங் தர்ற இடம் எனக்கு நம்பிக்கையான இடம்.

சந்தனம் பத்தி கொஞ்சம் பேசியே ஆகணும். இந்தோனேசியால செந்தானானு சொல்றது நம்ம ஜவ்வாது மலைல இருக்குற அதே சந்தன மரம் தான், அங்க திமோர், சும்பா தீவுகள்ல வளருது. போர்த்துகீசியர் திமோருக்கு வந்ததே இதுக்காகத்தான். இப்ப உலக அளவுல அழியும் ஆபத்து இருக்குற மரங்களோட பட்டியல்ல இருக்கு, வைரம் பாயவே பல வருஷம் ஆகும். அதனால "அசல் சந்தன லுலுர்"னு எக்ஸ்ட்ரா காசு கேட்டா வேண்டாம்னு சொல்லிடுங்க. பாதி இடத்துல அது சென்ட் தான், மீதி இடத்துல நிஜ மரம்னா அதைவிட வருத்தம். மல்லி, செண்பகம் போட்டதை எடுத்துக்கோங்க.

இப்ப போரே. இது பாலி விவசாயிங்களோட வைத்தியம், நாள் பூரா சேத்து வயல்ல நின்னுட்டு வந்து உடம்பு வலி, குளிர் போறதுக்குப் பூசுறது. கிராம்பு, இஞ்சி, பேரரத்தை, ஜாதிக்காய், பட்டை, மிளகு, கொத்தமல்லி விதை, அரிசி எல்லாம் சேத்து அரைச்சது. பூசின கொஞ்ச நேரத்துல சுறுசுறுனு சூடு ஏறும், அது தான் அதோட வேலை. ஆனா கிராம்பும் பட்டையும் அலர்ஜி கிளப்புறதுல பேர் போனது, சென்சிட்டிவ் ஸ்கின் உள்ளவங்க நேரா உடம்பு பூரா பூசிக்கக் கூடாது. முந்தின நாளே போய் முழங்கை உள்பக்கம் கொஞ்சூண்டு தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்க. ஒண்ணும் ஆகலைன்னா முதுகுக்கு மட்டும், பத்து நிமிஷம் போதும். எரிச்சல் வந்தா "பனாஸ்"னு சொல்லுங்க, சூடுனு புரிஞ்சு உடனே துடைச்சிடுவாங்க. வேக்ஸிங் பண்ணினதுக்கு அப்புறம், வெயில்ல தோல் கருகினதுக்கு அப்புறம், கர்ப்பமா இருக்குறப்ப போரே வேண்டவே வேண்டாம். உங்களுக்கு நான் லுலுர் தான் சொல்லுவேன், அதுலயும் மெதுவா தேய்க்கச் சொல்லி.

அம்மா விஷயத்துல நான் கண்டிப்பா சொல்றேன், போரே கால்ல படவே கூடாது. சுகர் ரொம்ப வருஷமா இருந்தா கால்ல உணர்ச்சி குறைஞ்சிருக்கலாம், சூடு அதிகமானது அவங்களுக்கே தெரியாம தோல் புண்ணாயிடும். அதே காரணத்துக்காக ஹாட் ஸ்டோன் வேண்டாம், சுடுதண்ணில கால் ஊற வைக்கிறது வேண்டாம், பாத்தத்துல கல்லு வெச்சு தேய்க்கிறதும் உப்பு ஸ்க்ரப்பும் வேண்டாம். தேங்கா எண்ணெய்ல அழுத்தம் கம்மியா ஒரு மசாஜ், கை, முதுகுல லுலுர், இது அருமையா இருக்கும். தலைக்கு கெமிரி எண்ணெய் கேளுங்க, அது அங்க சமையலுக்கும் போடுற ஒரு கொட்டைல இருந்து எடுக்குறது, ஜாவால முடி கருப்பா இருக்க காலங்காலமா தேய்க்கிறாங்க. (அந்தக் கொட்டையைப் பச்சையா மட்டும் வாய்ல போட்டுடாதீங்க, வயித்தைக் கலக்கிடும்.) மசாஜை சாப்பாட்டு நேரத்துல போடாதீங்க, மாத்திரை போட்டுட்டு வெறும் வயித்துல ரெண்டு மணி நேரம் படுத்திருந்தா சுகர் இறங்கிடலாம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு, பையில ரெண்டு மிட்டாயோட போங்க.

ஜாமு குடிக்கத் தருவாங்க. 2023ல யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைச்ச மூலிகைப் பானம் அது. குன்யித் அசம்னா மஞ்சளும் புளியும், பெராஸ் கென்சூர்னா அரிசியும் கச்சோலமும். ரெண்டுலயும் வெல்லமோ சர்க்கரையோ நல்லாவே இருக்கும், அம்மாவுக்கு "தன்பா கூலா"னு சொல்லி சர்க்கரை இல்லாம வாங்குங்க. யோக்யகர்த்தாவுல முதுகுல கூடையைக் கட்டிக்கிட்டு கண்ணாடி பாட்டில்ல ஜாமு கொண்டு வர்ற அம்மாக்கள் இன்னும் இருக்காங்க, குடிச்சிட்டு கிளாஸை அவங்ககிட்டயே திருப்பிக் குடுக்குறது, குப்பையே இல்ல.

வாங்குறதுக்கு வந்தா, காய்ஞ்ச லுலுர் பொடி, போரே பொடி சந்தைல கிடைக்கும். வெயிட் கம்மி, தண்ணி இல்லாததால சீக்கிரம் கெடாது, வீட்டுல வெதுவெதுப்பான தண்ணி ஊத்திக் குழைச்சுக்கலாம். பாலில குசம்பா கடற்கரைல தென்னந்தண்டைக் குடைஞ்ச தொட்டில காய வைக்கிற உப்பு வாங்குங்க, அந்தத் தொழில்ல மிஞ்சி இருக்குற குடும்பங்களுக்கு நேரா காசு போகும். பச்சைக் கிழங்கு எதுவும் கொண்டு வராதீங்க, ஏர்போர்ட்ல குவாரண்டைன் சிக்கல். "பெமுத்திஹ்"னு போட்ட டப்பா பக்கமே போகாதீங்க, வெள்ளையாக்கும்னு அர்த்தம். மெர்க்குரி கலந்த இந்த மாதிரி க்ரீம்களைப் பத்தி அந்த ஊர்ல உணவு, மருந்தைக் கண்காணிக்கிற பிபிஓஎம் அலுவலகம் திரும்பத் திரும்ப எச்சரிக்கை விட்டுட்டே இருக்கு. வேற டப்பா எதை எடுத்தாலும் அதுல பிபிஓஎம் பதிவு நம்பர் இருக்கானு பாருங்க, அந்த ஊர்ல செஞ்சதுன்னா என்.ஏ-னு ஆரம்பிக்கும். போன்ல அவங்க வெப்சைட்ல அதை அடிச்சா பொருள் பேர் வரணும், வரலைன்னா ஷெல்ஃப்லயே வெச்சிடுங்க.