பட்டாம்பூச்சிகளில் சிலவற்றுக்கு மட்டும் மூளை ஏன் பெரிதானது?

மூளை முழுக்க ஒரே சீராக வளரவில்லை, அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் இருக்கும் ஹெலிகோனியஸ் பேரினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நினைவுக்கும் கற்றலுக்கும் பொறுப்பான 'காளான் உடல்கள்' என்ற பகுதி அதில் நெருங்கிய உறவினங்களைவிட 2 முதல் 4 மடங்கு பெரிது. ஆனால் வாசனையை வாங்கும் உணர்கொம்பு மடல் அந்த அளவுக்குப் பெருக்கவில்லை.

காரணம் சாப்பாடு என்றுதான் தோன்றுகிறது. அந்த உறவினங்கள் தேனோடு நிறுத்திக்கொள்ள, இவை மகரந்தமும் தின்னும். உறிஞ்சுகுழலில் மகரந்தத்தை அப்பிக்கொண்டு, எச்சில் விட்டுப் பிசைந்து பிசைந்து அமினோ அமிலங்களை எடுத்துக்கொள்ளும். அந்தச் சத்தால் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆனால் மகரந்தம் தரும் கொடிகள் காட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும், அதனால் பால்காரர் போல தினமும் அதே வழியில் அதே செடிகளுக்குப் போகின்றன. வழியை அடையாளம் வைக்கக் கண்தான் உதவும். கண் அனுப்புவதை வாங்கும் பார்வை மடல்களிலிருந்து காளான் உடல்களுக்குப் போகும் இணைப்புகள் இவற்றில் கூடியிருப்பதும் அதனால்தான் போலும்.

சரி, பார்வை மடல்? அது வெளிச்சத்தைப் பொறுத்தது. பனாமாவில் அடர்காட்டு நிழலில் வாழும் ஹெலிகோனியஸ் சிட்னோ என்ற இனத்துக்கு, திறந்த காட்டோரத்தில் வாழும் ஹெலிகோனியஸ் மெல்போமினி இனத்தைவிட அது பெரிது. இரண்டையும் ஒரே கூண்டுச் சூழலில் வளர்த்தாலும் வித்தியாசம் மறையவில்லை, ஆக அது பரம்பரையாக வருவது.