கடலே இல்லாத கொல்கத்தாவில் துறைமுகம் எப்படி இயங்குகிறது?

கேள்வி நியாயமானதே. கடலிலிருந்து ஹூக்ளி ஆற்றில் சுமார் 200 கி.மீ. உள்ளே வந்தால்தான் கொல்கத்தா. வழியெல்லாம் மணல் திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் ஆற்றை அறிந்து கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் ஏறாமல் பெரிய கப்பல் உள்ளே வரமுடியாது. ரூப்நாராயண் ஆறு கலக்குமிடத்துக்கு அருகே உள்ள திட்டுக்கு, 1694இல் அங்கே மூழ்கிய கப்பலின் பெயரால் 'ஜேம்ஸ் அண்ட் மேரி' என்றே பெயர்.

அடுத்த சிக்கல் ஓதம், அதாவது கடல் நீரின் ஏற்ற இறக்கம். ஆற்று நீர்மட்டம் தினமும் பல மீட்டர் ஏறி இறங்கும். அதனால்தான் கிதர்பூர் (1892), நேதாஜி சுபாஷ் (1929) கப்பல்துறைகளுக்கு லாக் கதவுகள். நீர் ஏறும் நேரம் பார்த்துக் கப்பல் லாக்கினுள் நுழையும்; பின்னால் கதவை மூடி, உள்ளே உள்ள மட்டத்துக்கு நீரைச் சமப்படுத்தி, முன்கதவைத் திறப்பார்கள். ஓதத்தைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

வண்டல்தான் தீராத நோய். கங்கை நீரைத் திருப்பி வண்டலை அடித்துச்செல்ல 1975இல் ஃபரக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கியது. தூர்வாரும் வேலை இன்றும் ஓயவில்லை. இங்குள்ள ஆழம் போதாத பெரிய கப்பல்களுக்காக, ஆற்றில் கீழே கடலுக்கு அருகே ஹால்தியா கப்பல்துறை 1977இல் வந்தது. நிலக்கரி, கச்சா எண்ணெய் பெரும்பாலும் அங்கேதான்.

கொல்கத்தாவுக்கு மிஞ்சியது கன்டெய்னர் சரக்கு, நேபாளத்துக்குப் போகும் பொருட்கள், அந்தமான் கப்பல்கள். நிலம் சூழ்ந்த நேபாளத்துக்கு இது இன்றும் முக்கியமான கடல்வாசல்.